நுங்கு வண்டி, பூவரசம் பீப்பி, ஓலைக் காற்றாடி: எங்கே பிசகுகிறது?

கோடை விடுமுறைக்கு ஊருக்கு வந்த ஏழு முதல் பதினொரு வயதுப் பிள்ளைகளுக்குப் பழைய விளையாட்டுச் சாமான்களைச் செய்து கொடுக்கலாம் என்று இறங்கியிருக்கிறீர்கள். நுங்கு வண்டி ஒரே நாளில் கழன்றுவிட்டது. பூவரசம் பீப்பியை ஊதினால் வெறும் காற்றுதான் வருகிறது. ஓலைக் காற்றாடி சுற்றாமல் நடுங்கிக்கொண்டே நிற்கிறது. எங்கே தவறு, வேறு என்னென்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

மூன்றிலும் கைவேலையில் பெரிய குறை இருக்காது. பொருளின் பதம் பார்க்காமல் செய்ததுதான் காரணமாக இருக்கும். கடை பிளாஸ்டிக் இன்றைக்கும் ஆறு மாதம் கழித்தும் ஒரே மாதிரி இருக்கும். ஓலை காலையில் ஒரு மாதிரி, உச்சி வெயிலில் ஒரு மாதிரி. நுங்குக்காய் வெட்டிய அன்று ஒரு மாதிரி, மூன்றாம் நாள் வேறு மாதிரி. கிராமத்துப் பிள்ளைகளுக்கு இதை யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. பெரிய பையன்கள் எந்த இலையைப் பறிக்கிறார்கள், எதை விட்டுவிடுகிறார்கள் என்று பார்த்தே படிந்துவிடும். அந்தப் பார்வை வாய்க்காதவர்களுக்கு இதை எழுத்தில்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் நுங்கு வண்டி. நுங்கை எடுத்த பிறகு மிஞ்சும் வெற்றுக்காயைக் கூந்தல் என்றும் கோந்தை என்றும் ஊருக்கு ஊர் சொல்வார்கள். இதற்கு எல்லாக் காயும் உதவாது. நுங்குக் கடையில் சுளையை முழுதாக எடுப்பதற்காகக் காயைச் சுற்றிச் சுற்றிச் சீவுவார்கள். அதில் மிஞ்சுவது சக்கை, சக்கரம் ஆகாது. "தலையை மட்டும் சீவிக் கொடுங்க, நாங்களே நோண்டித் தின்னுக்கிறோம்" என்று சொல்லி வாங்குங்கள். கண் மூன்றும் தெரியும் அளவுக்கு மட்டும் சீவினால் போதும். அதற்கு மேல் சீவினால் காயின் பருத்த இடுப்பு போய்விடும்; வண்டி உருளுவது அந்த இடுப்பில்தான். மிக இளசான காயும் வேண்டாம், மட்டை மெத்தென்று அமுங்கும். நுங்கு சற்று முற்றிக் கடுக்காயாகப் போன காய் தின்பதற்கு ஆகாவிட்டாலும் சக்கரத்துக்கு அதுதான் முதல் தரம்.

சக்கரமாகும் இரண்டு காயும் ஒரே குலையில் வந்தவையாக, ஒரே பருமனாக இருக்க வேண்டும். அச்சோடு சேர்ந்து இரண்டும் ஒன்றாகச் சுற்றுவதால், ஒன்று சிறுத்திருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் அது குறைந்த தூரமே ஓடும். வண்டி சிறிய காய் இருக்கும் பக்கம் இழுத்துக்கொண்டே போகும். பிள்ளை தள்ளத் தெரியாமல் தள்ளுகிறது என்று நினைத்துக்கொள்வோம், தவறு காயில் இருக்கும்.

துளை போடும் இடம் முக்கியம். சீவிய முகத்தில் மூன்று கண்ணும் முக்கோணமாக இருக்கும், அவற்றுக்கு நடுவில் நார் மொத்தமாகச் சேரும் இடம் ஒன்று உண்டு. அச்சு அதன் வழியாகத்தான் போக வேண்டும். நுங்கை விரலால் நோண்டும்போது அந்த நடுத்தடுப்பைக் கிழித்துவிட்டால் காய் வீண். பிள்ளைகளிடம் காயைக் கொடுக்கும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள். துளை போடுவது பெரியவர் வேலை. கூரான கம்பியையோ பழைய ஸ்குரூடிரைவரையோ நேராகக் குத்தி இறக்க வேண்டும். ஆட்டி ஆட்டி இறக்கினால் துளை நீள்வட்டமாகி, அச்சு உள்ளே ஆட ஆரம்பிக்கும். ஒரே நாளில் வண்டி கழல்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

அடுத்த காரணம் பச்சைக் குச்சி. அப்போதே ஒடித்த வேப்பங்குச்சியை அச்சாகச் செருகினால் இரண்டு நாளில் அது காய்ந்து மெலிந்து துளையில் லொடலொடக்கும். காய்ந்த குச்சியாக, சுண்டுவிரல் பருமனில், துளையைவிடச் சற்றுத் தடித்ததாக எடுத்துத் தட்டித் தட்டி ஏற்ற வேண்டும். இரண்டு காய்க்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. இருபுறமும் இரண்டு விரல் அளவு குச்சி வெளியே நீட்டிக்கொண்டு இருக்கட்டும். அந்த நுனியில் சிறு துளையிட்டு ஒரு முள்ளைச் செருகிவிட்டால் காய் வெளியே நழுவாது. காய்க்குள் ஒட்டியிருக்கும் சதையை வழித்து எடுத்து அரை நாள் நிழலில் உலர்த்துங்கள். சதை இருந்தால் அழுகி நாரைத் தளர்த்தும், ஈயும் மொய்க்கும்.

தள்ளுகம்புக்குக் கவை உள்ள குச்சி வேண்டும். மூன்றரை அடி நீளம், நுனியில் விரல் நீளத்துக்கு இரண்டு கொம்பு. கவையின் அடி அச்சின் நட்ட நடுவில் பின்னாலிருந்து படும். அச்சு அதில் உரசிக்கொண்டே சுற்ற வேண்டும் என்பதால், அந்த இடத்தில் அச்சின் பட்டையை உரித்து வழவழப்பாக்கிவிடுங்கள். கவையின் உட்புறத்தையும் அப்படியே. கவை அகலமாக விரிந்திருந்தால் அச்சு பக்கவாட்டில் வழுக்கிக் காயில் போய் உரசும். நேராக ஓடும்போது பிரச்சினையில்லை. திரும்பும்போது இரண்டு சக்கரமும் ஒரே அச்சில் இறுகியிருப்பதால் ஒன்று தரையில் இழுபடும். அதனால் ஒரு பக்கத்தை லேசாகத் தூக்கித் திருப்ப வேண்டும். பிள்ளைகள் இதை ஐந்து நிமிடத்தில் தானாகவே பிடித்துக்கொள்வார்கள். வண்டியைப் பின்னால் இழுக்கவும் வேண்டுமென்றால் கவையின் இரண்டு நுனியையும் சணலால் கட்டி அச்சை உள்ளே அடைத்துவிடலாம்.

இவ்வளவு செய்தாலும் நுங்கு வண்டிக்கு ஆயுள் மூன்று, நான்கு நாள்தான். பிறகு மட்டை சுருங்கிக் கோணிவிடும். அதைப் பழுது பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள், மாட்டுக்குப் போட்டுவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள். சித்திரையிலிருந்து ஆனி வரைக்கும் காய்க்குப் பஞ்சமில்லை. ஒன்று மட்டும்: காயின் துவர்ப்புச் சாறு துணியில் பட்டால் பழுப்புக் கறையாக நின்றுவிடும், சோப்புக்கு அசையாது. பழைய சட்டை போட்டுக்கொண்டு உட்காரச் சொல்லுங்கள்.

காற்றாடி நடுங்குகிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு சொல்லிலேயே காரணம் தெரிகிறது: இறக்கை இரண்டையும் ஒரே பக்கம் முறுக்கியிருக்கிறீர்கள். ஓலைத்துண்டைக் கிடையாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இடது பக்க இறக்கையின் மேல் ஓரத்தைப் பின்னால் சாய்த்தால், வலது பக்க இறக்கையின் கீழ் ஓரத்தைப் பின்னால் சாய்க்க வேண்டும். அப்போதுதான் காற்று ஒன்றை மேலேயும் மற்றதைக் கீழேயும் தள்ளும், காற்றாடி சுற்றும். இரண்டிலும் மேல் ஓரத்தையே சாய்த்தால் இரண்டு தள்ளலும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, காற்றாடி நின்ற இடத்திலேயே வெடவெடக்கும்.

ஓலை எது? பனையின் வெளிர்ந்த குருத்தோலை பெட்டி முடையத்தான் நல்லது. காற்றாடிக்கு அது மெத்தென்று இருக்கும், முறுக்கு நிற்காது. முற்றின பச்சை ஓலையை ஒரு நாள் நிழலில் வாடவிட்டு எடுங்கள். முழுக்கக் காய்ந்த ஓலை முறுக்கும்போதே ஓரம் வெடித்துவிடும். ஈர்க்கை நீக்கிவிட்டு, ஒரு சாண் நீளமும் இரண்டு விரல் அகலமும் உள்ள துண்டாகக் கிழித்துக்கொள்ளுங்கள். பனை இல்லாத ஊரில் தென்னை ஓலையிலும் செய்யலாம், ஆனால் அது மெல்லியது, சீக்கிரம் துவண்டுவிடும்.

நடுவைக் கண்டுபிடிக்க இரண்டாக மடிக்காதீர்கள். மடிப்பு விழுந்த இடத்தில் ஓலை பலம் இழந்துவிடும். ஈர்க்கின் மேல் வைத்துத் தராசு போல நிறுத்தி, சாயாமல் நிற்கும் புள்ளியில் நகத்தால் ஒரு குறி வையுங்கள். அச்சுக்குச் சீமைக்கருவேல முள்ளோ உடைமுள்ளோ, நேராக உள்ள ஒன்று வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம்: துளையைத் தடித்த முள்ளால் போட்டுவிட்டு, அச்சாக மெல்லிய முள்ளைச் செருக வேண்டும். ஒரே முள்ளால் குத்தி அதையே அச்சாக விட்டால் ஓலை முள்ளை இறுகக் கவ்விக்கொள்ளும், சுற்றாது.

கைப்பிடிக்குக் காய்ந்த சோளத்தட்டை சிறந்தது, முள் உள்ளே இருக்கும் சோற்றில், அதாவது தண்டின் மெத்தென்ற உட்பகுதியில், பதிந்து நிற்கும். ஓலைக்கும் தட்டைக்கும் நடுவே அரை விரற்கடை நீளத்துக்கு வைக்கோல் குழல் ஒன்றைக் கோத்துவிடுங்கள். வைக்கோல் தாள் உள்ளே கூடாக இருப்பதால் நல்ல வளையமாக உதவும், ஓலை கைப்பிடியில் உரசாது. சுற்றுவதை நிறுத்தும்போது ஒரே இறக்கை எப்போதும் கீழே வந்து நின்றால் அது கனமான பக்கம். அதன் நுனியை நெல்மணி அளவு கிள்ளிவிட்டு மறுபடி பாருங்கள். காற்று குறைவான நாளில் இரண்டு துண்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து நான்கு இறக்கையாகச் செய்தால் மெல்லிய காற்றிலும் கிளம்பும்; நான்கையும் ஒரே சுற்றுத் திசைக்கு முறுக்க வேண்டும் என்பதுதான் கவனிக்க வேண்டியது. சின்னப் பிள்ளைகளிடம் முள் வைத்த காற்றாடியைக் கொடுத்து ஓடவிடும்போது முள்ளின் முனையில் தட்டைச் சோற்றுத் துண்டு ஒன்றைக் குத்தி மூடிவிடுங்கள். கண்ணுக்கும் காவல், ஓலையும் கழன்று விழாது.

பூவரசம் பீப்பி பார்க்க எளிது, பதம் பிடிபடும்வரை பாடாய்ப் படுத்தும். இதில் ஒலி எழுப்புவது குழல் அல்ல, வாயில் வைக்கும் தட்டையான நுனி. அங்கே மேலும் கீழுமாக இருக்கும் இரண்டு இலைப்படலங்கள் காற்று போகும்போது ஒன்றையொன்று அடித்து அதிர வேண்டும். நாகசுரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளி செய்யும் வேலை இதுவேதான், அங்கே நாணல் தட்டை, இங்கே இலை. வெறும் காற்று வருகிறதென்றால் படலங்கள் அதிரவில்லை என்று பொருள். வாய்ப்பக்கம் அதிகமாகத் திறந்திருக்கலாம், அல்லது தடித்த நரம்பு அங்கே வந்து விறைப்பாக நிற்கலாம்.

கொழுந்து வேண்டாம், துவண்டு ஒட்டிக்கொள்ளும். மஞ்சள் கண்ட முற்றல் இலையும் வேண்டாம், சுருட்டினால் ஒடியும். நல்ல கரும்பச்சைக்கு வந்து, இன்னும் வளைந்து கொடுக்கிற இலைதான் பதம். உள்ளங்கை அளவு போதும். காலையில் பறித்தது நல்லது. உச்சி வெயிலில் மரத்திலேயே இலை வாடிக் கிடக்கும். காம்பைக் கிள்ளி எறிந்துவிடுங்கள். பூவரச இலையில் நரம்புகள் எல்லாம் காம்பு சேரும் இடத்திலிருந்துதான் விசிறி போலப் பிரிகின்றன, அதனால் அந்தப் பக்கம் விறைப்பு. எனவே கூர்நுனிப் பக்கத்தை வாய்க்கு வைத்துக்கொண்டு, காம்புப் பக்கத்தை வெளிவாயாக விடுங்கள். நுனியின் வாலை மட்டும் கிள்ளிவிட வேண்டும்.

ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு இறுக்கமாகச் சுருட்டுங்கள். உள்ளே பென்சில் நுழையும் அளவு துளை இருக்கட்டும், வெளிவாய் சற்று விரிந்திருக்கட்டும். பிறகு நுனியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெதுவாக அமுக்கித் தட்டையாக்குங்கள். உள்துளை கோடு போலத் தெரிய வேண்டும், முழுக்க அடைபடக் கூடாது. அந்தத் தட்டை நுனியைப் பல் படாமல் உதட்டுக்குள் வைத்து ஊத வேண்டும். கடித்துக்கொண்டு ஊதுவதுதான் பிள்ளைகள் செய்யும் பெரிய தவறு. கடித்தால் படலம் அசையாது. சுருள் பிரியாமல் கையால் பிடித்துக்கொண்டு, முதலில் மெதுவாக, பிறகு அழுத்தி ஊதிப் பாருங்கள். சத்தம் விட்டு விட்டு வந்தால் நுனியை எச்சிலால் நனைத்து மறுபடி அமுக்குங்கள். அரை மணி நேரத்தில் இலை வாடிச் சத்தம் அடைத்துவிடும், புது இலை பறிக்க வேண்டியதுதான். பையில் ஐந்தாறு இலையோடு திரிவதுதான் வழக்கம்.

அதே வேலையைக் கொஞ்சம் பெரிதாகச் செய்தால் தென்னோலைப் பீப்பி. ஈர்க்கு நீக்கிய நீளமான ஓலையை நுனியில் சிறிய குழலாகத் தொடங்கி, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மூடும்படி சாய்வாகச் சுற்றிக்கொண்டே போனால் கூம்பு வரும். கடைசிச் சுற்றை ஈர்க்குத் துண்டால் குத்தி நிறுத்த வேண்டும். வாய்ப்பக்கத்தில் இரண்டாக மடித்த சின்ன ஓலைத்துண்டைச் சீவாளியாகச் செருகினால் சத்தம் வரும். கூம்பு நீள நீளக் குரல் தடிக்கும். சுற்றுகளுக்கு நடுவே காற்று ஒழுகினால் சத்தம் செத்துவிடும்.

கிலுகிலுப்பை பற்றியும் கேட்டிருந்தீர்கள். பனையோலையில் முடையும் பெட்டிக் கிலுகிலுப்பைக்கு முடைச்சல் தெரிந்த கை வேண்டும். அதைத் தெரிந்தவரிடம் வாங்கிவிடுங்கள் என்பதுதான் என் யோசனை; தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாடு போன்ற ஊர்களில் ஓலை வேலை இன்னும் நடக்கிறது. ஆனால் உள்ளே என்ன போட்டிருக்கிறது என்பதில் கவனம் வேண்டும். பார்க்க அழகு என்று குன்றிமணியைப் போட்டுவிடுவார்கள். குன்றிமணி கடும் நஞ்சு. முழுதாக விழுங்கினால் ஓடு தடித்ததால் தப்பிக்கவும் கூடும். துளைபோட்டதோ கடித்து உடைந்ததோ வயிற்றுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. பல் முளைக்கும் பிள்ளை ஓலையைக் கடித்துப் பிரித்துவிடும், ஆகவே அந்த மணி கிலுகிலுப்பைக்குள் இருக்கவே கூடாது. ஆமணக்கு விதையும், மஞ்சள் பூப் பூக்கும் பொன்னரளியின் காயும் இதே பட்டியல்தான். பொன்னரளிக் கொட்டையைக் கல்லாங்காய் போல விளையாட எடுத்துவரும் பிள்ளைகள் உண்டு, பார்த்தால் வாங்கி எறிந்துவிடுங்கள். புளியங்கொட்டை போதும், சத்தமும் கணீரென்று வரும். கைக்குழந்தைக்கு என்றால் முடைச்சல் பிரியாமல் இருக்கிறதா என்று தினமும் ஒருமுறை பாருங்கள், கொட்டை தொண்டையில் அடைக்கக்கூடும்.

நஞ்சு பற்றிப் பேசும்போது காட்டாமணக்கையும் சொல்ல வேண்டும். அதன் இலைக்காம்பை ஒடித்தால் வரும் பாலில் புல்தண்டு வளையத்தை நனைத்து ஊதினால் சோப்புக் குமிழி போலவே பறக்கும். நல்ல வேடிக்கை. பால் வாய்க்கும் கண்ணுக்கும் போகக் கூடாது, விதையைத் தொடவே விடக் கூடாது, முடிந்ததும் கை கழுவ வேண்டும். ஏழு வயதுக்காரருக்கு இது வேண்டாம். எருக்கம்பால், கள்ளிப்பால் இரண்டும் எந்த வயதிலும் விளையாட்டுக்கு ஆகாது. கண்ணில் பட்டால் பெரும் கேடு.

இனி வேறு என்ன செய்யலாம் என்ற கேள்வி. என்னைக் கேட்டால் இருப்பதிலேயே மேலான கைவேலை சோளத்தட்டை வண்டிதான். பசை வேண்டாம், ஆணி வேண்டாம், நூல்கூட வேண்டாம். தட்டையின் வெளித்தோல் ஊசிபோல விறைப்பானது, உள்ளே இருக்கும் சோறு மாட்டுப்பொங்கல் நெட்டிமாலையின் நெட்டி போல மெத்தென்றது. தோலை உரித்துச் சோற்றில் குத்தினால் அப்படியே நிற்கும். கட்டையும் ஆணியும் ஒரே செடியிலிருந்து கிடைத்துவிடுகின்றன.

தட்டை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். அறுவடை முடிந்து, போரில் ஒன்றிரண்டு மாதம் கிடந்த தட்டை சிறந்தது. பச்சைத் தட்டையில் செய்தால் முதல் நாள் கச்சிதமாக இருக்கும், காயக் காயச் சோறு சுருங்கி ஒவ்வொரு குச்சியாக உதிரும். மழையில் நனைந்து கறுத்த தட்டையும் உதவாது, சோறு பொடிந்துவிடும். கணுவுக்குக் கணு நறுக்கிக் கணுவை நீக்கிவிடுங்கள். கணுவில் சோறு கட்டியாக இருக்கும், குத்தினால் தோல் வளையும். தோலை உரிக்கும்போதுதான் கை அறுபடும். அதன் ஓரம் பிளேடுக்குச் சமம். நுனியில் கத்தியால் கீறித் தொடக்கம் மட்டும் பெரியவர் செய்து கொடுத்து, உரிக்கும்போது விரலைத் தோலின் தட்டையான முகத்தில் வைத்து இழுக்கச் சொல்லுங்கள்; ஓரத்தை ஒருபோதும் பிடிக்கக் கூடாது. ஒரு அகலத் தோலை நீளவாக்கில் நான்கு, ஐந்து குச்சியாகக் கிழித்துக்கொள்ளலாம்.

முதல் நாளே மாட்டுவண்டிக்குப் போகாதீர்கள். விரல் நீளச் சோறு ஒன்று உடம்பு, சின்னது ஒன்று தலை, நான்கு தோல்குச்சி கால், இரண்டை வளைத்துக் குத்தினால் கொம்பு: மாடு ஆயிற்று. கால்களை நேராகக் கீழே குத்தாமல் சற்று விரித்துக் குத்தினால்தான் நிற்கும். இப்படி இரண்டு மாடு செய்து கை பழகிய பிறகு வண்டி.

வண்டிக்குச் சக்கரம்தான் சோதனை. சோற்றைத் தோலோடு வட்டமாக நறுக்கி ஒட்டினால் சின்னப் பொத்தான் மாதிரி இருக்கும், ஓடாது. நிஜ வண்டிச் சக்கரத்தைப் போலவே செய்ய வேண்டும். அரை விரல் நீளச் சோற்றுத்துண்டு குடம், அதாவது சக்கரத்தின் நடுக்கட்டை. அதைச் சுற்றி ஆறு தோல்குச்சிகளை ஒரே நீளத்தில் குத்தினால் ஆரக்கால். வட்டைக்கு, அதாவது சக்கரத்தின் வெளிவளையத்துக்கு, நீளமான தோலை ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டு வளைத்து, இரண்டு முனைகளும் ஒன்றின்மேல் ஒன்று விரற்கடை ஏறி நிற்கும்படி ஒரு சிறு சோற்றுத்துண்டில் குத்தி மூட்டுங்கள். ஆரக்கால்களின் வெளிமுனையில் கடுகளவுக்குக் கொஞ்சம் பெரிய சோற்றுத் துணுக்குகளை மாட்டிவிட்டால் வட்டை அவற்றின்மேல் வழுக்காமல் உட்காரும். ஆறு ஆரக்காலும் ஒரே நீளமாக இருக்க ஒரு குச்சியை அளவுகோலாக வைத்து மற்றவற்றை அதனோடு சேர்த்துப் பிடித்து நறுக்குங்கள். கண்ணளவில் நறுக்கினால் சக்கரம் முட்டை வடிவமாகும். பிறகு அச்சு, அதன்மேல் இரண்டு ஏர்க்கால், குறுக்கே வரிசையாகத் தோல்குச்சி, முன்னால் நுகத்தடி. ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைக்கு இரண்டு மதியம் ஆகும். ஓடுகிற வண்டியைவிட நிறுத்தி வைத்துப் பார்க்கிற வண்டி என்று நினைத்துக்கொண்டால் ஏமாற்றமிருக்காது. பாரம் ஏற்றினால் தாங்காது. பிள்ளைத்தமிழில் ஆண்பாலுக்குச் சிறுதேர் என்று ஒரு பருவமே ஒதுக்கியிருக்கிறார்கள், இழுத்து விளையாடுவது அவ்வளவு பழைய ஆசை. இழுக்கிற வண்டி வேண்டுமென்றால் களிமண்ணுக்குப் போங்கள்.

களிமண்ணுக்குக் கண்மாய் வற்றத் தொடங்கும்போது கிடைக்கும் வண்டல் நல்லது. கல், வேர் பொறுக்கிவிட்டு நீர்விட்டுப் பிசைந்து, பென்சில் பருமனுக்குத் திரித்து விரலைச் சுற்றி வளைத்துப் பாருங்கள். வெடித்தால் மணல் அதிகம், அல்லது நீர் போதவில்லை. விரலில் ஒட்டி இழுத்தால் நீர் அதிகம். வெடிக்காமல் ஒட்டாமல் வளைந்தால் பதம். ஆனால் வெறும் களியாக இருந்தால் காயும்போது பிளக்கும். நாலு பங்கு களிக்கு ஒரு பங்கு சலித்த ஆற்றுமணல் சேர்த்துப் பிசையுங்கள். சக்கரம் கட்டைவிரல் கனத்துக்கு மேல் போக வேண்டாம், வெளியே காய்ந்து உள்ளே ஈரமாக நின்றால் அதுதான் வெடிப்பாக முடியும்.

சக்கரத்தின் நடுவில் அச்சுக்குத் துளை போட்டுவிட்டுக் குச்சியை அதிலேயே விட்டுவிடுகிறவர்கள் அநேகம். களி காயும்போது சுருங்கும், குச்சி சுருங்காது. விடிந்து பார்த்தால் துளையிலிருந்து ஓரம் வரை கோடு விழுந்திருக்கும். துளையைக் குச்சியைவிடப் பெரிதாகப் போட்டு, குச்சியை உடனே உருவிவிட வேண்டும். வெயிலில் வைக்காமல் நிழலில் மூன்று, நான்கு நாள், தினம் ஒருமுறை புரட்டிப் போட்டு உலர்த்துங்கள். சுடாத மண் என்பதால் நனையாமல் வைத்திருக்க வேண்டும். அடுப்புத் தணலில் போட்டுச் சுட்டுவிடலாம் என்று தோன்றும். ஈரம் கொஞ்சம் மிஞ்சியிருந்தாலும் டப்பென்று வெடித்துச் சிதறும், வேண்டாம்.

மிஞ்சிய களியில் வெடிச்சட்டி விளையாட்டு ஒன்று உண்டு, காத்திருக்கவே தேவையில்லை. உள்ளங்கை அளவுக் கிண்ணம் பிடித்து, அடியை அப்பளம் போல மெல்லியதாகவும் விளிம்பைத் தடிப்பாகவும் ஒரே மட்டமாகவும் வழித்து, தலைகீழாகச் சமதரையில் ஓங்கி அடிக்க வேண்டும். உள்ளே அடைபட்ட காற்று அடியைப் பிய்த்துக்கொண்டு வெடிக்கும். எவ்வளவு பெரிய ஓட்டை விழுந்ததோ அதை அடைக்கும் அளவு களியை எதிராளி தன் பங்கிலிருந்து தர வேண்டும். விளிம்பு ஒரு இடத்தில் பள்ளமாக இருந்தால் காற்று அந்த வழியாக ஓடிவிடும், சத்தமே வராது. சாய்ந்து விழுந்தாலும் அப்படியே. சிமெண்டுத் தரையோ கருங்கல் திண்ணையோ இருந்தால் ஏழு வயதுப் பிள்ளையும் ஜெயிக்கலாம். பக்கத்தில் வெள்ளைச் சுவர் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

பம்பரம், கில்லி இரண்டும் வீட்டில் செய்யத் தக்கவைதான். கில்லிக்குத் தட்டி எழுப்பும் புள் என்ற கையளவு நீளக் குச்சியும், அடிக்க முக்கால் முழக் கம்பும் போதும். புள்ளின் இரு முனையும் ஒரே சாய்வில் சீவியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் தட்டும்போது நேராக எழும்பாமல் பக்கவாட்டில் பறக்கும். கண்ணில் அடிபடுவது பெரும்பாலும் அப்படிப் பறந்த புள்ளால்தான், ஆகவே அடிப்பவருக்கு எதிரே நிற்பவர்கள் குறைந்தது பதினைந்து அடி தள்ளி நிற்கட்டும். பம்பரத்தில் ஆணி நடுவில் இறங்காததுதான் எல்லாக் கோளாறுக்கும் மூலம். கட்டையைச் சீவி முடித்த பிறகு ஆணி அடிக்காதீர்கள். முதலிலேயே கட்டையின் இரு முனையிலும் நடுப்புள்ளி குறித்து, மெல்லிய துளை போட்டுக்கொண்டு, அந்தப் புள்ளிகளைச் சுற்றியே சீவி வாருங்கள். முடிந்ததும் வாளித் தண்ணீரில் மிதக்க விட்டுப் பாருங்கள். உருட்டி விட்டபோதெல்லாம் ஒரே பக்கம் கீழே போய் நின்றால் அது கனத்த பக்கம். அங்கே கொஞ்சம் சீவிவிட்டு, காயவைத்து, அதற்குப் பிறகு ஆணியை இறக்கலாம். ஆணி வெளியே அரை விரற்கடைக்கு மேல் நீட்டினால் பம்பரம் சீக்கிரம் சாய்ந்துவிடும்.